இணையத்தில் வாங்கும் அட்டைகளும் அவற்றின் விற்பனை நிபந்தனைகளும்

அட்டை என்னும் ஒரே பெயரில் இணையக் கடைகள் விற்பவை சட்டத்தின் பார்வையில் ஒரே வகைப் பொருள் அல்ல. திருமண அழைப்பிதழும் பொங்கல் வாழ்த்து அட்டையும் காகிதமும் மையும் சேர்ந்த சரக்கு. கடை ஒன்றின் பெயர் பொறித்து உறையில் வரும் பரிசு அட்டையோ, அந்த நெகிழித் துண்டுக்குத் தனி மதிப்பு ஏதும் இல்லாவிட்டாலும், பின்னொரு நாளில் குறிப்பிட்ட தொகைக்குப் பொருள் தருவதாகக் கடைக்காரர் அளிக்கும் வாக்குறுதிக்காகவே விலை பெறுகிறது. முதல் வகையில் வாங்குபவர் இழக்கக்கூடியது நேரமும் சொற்பிழையில்லாத அச்சும். இரண்டாம் வகையில் இழக்கக்கூடியது பணமே. ஆகவே விற்பனை நிபந்தனைகளைப் படிக்க உட்காருபவர், தாம் வாங்குவது இவ்விரண்டில் எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டால்தான், நீண்ட அந்தப் பக்கத்தில் எந்த வரி தமக்கு உரியது என்று கண்டுகொள்ள முடியும்.

விற்பனை நிபந்தனைகள் என்பவை, விலை, ஒப்படைப்பு, இரத்து, பணத்தைத் திருப்பித் தருதல், பொறுப்பின் எல்லை ஆகியவை குறித்து விற்பனையாளர் தாமே எழுதித் தம் தளத்தில் வெளியிடும் விதிகளின் தொகுப்பு ஆகும். வாங்குபவர் அதில் ஒரு சொல்லையும் மாற்ற இயலாது; ஏற்கலாம், அல்லது விலகலாம். இத்தகைய ஒருதலை ஒப்பந்தத்தின்மீது இந்தியாவில் மூன்று சட்டங்கள் கவிந்து நிற்கின்றன: 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இவற்றுள் 1930ஆம் ஆண்டுச் சட்டம் வாங்குபவருக்குத் தரும் பல பாதுகாப்புகளை இருதரப்பும் ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ள அதன் 62ஆம் பிரிவே இடமளிக்கிறது. நுகர்வோர் சட்டமும், அதன்கீழ் 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகளும் சுமத்தும் கடமைகளோ, விற்பனையாளர் தம் பக்கத்தில் எழுதிவைக்கும் ஒரு வரியால் இல்லாமல் போய்விடுவதில்லை.

இப்பாதுகாப்பைப் பெற, வாங்குபவர் சட்டம் சொல்லும் நுகர்வோராக இருக்க வேண்டும். மகளின் திருமணத்துக்கு 300 அழைப்பிதழ் வாங்கும் பெற்றோர் நுகர்வோர். அதே 300 அட்டைகளை வாங்கி தில்லி ஹாட் சந்தையில் கடை விரித்து மறுவிற்பனை செய்பவர் நுகர்வோர் அல்லர். மறுபுறம், தொழிலாக அன்றித் தனிப்பட்ட முறையில் எப்போதாவது கைவேலை அட்டை விற்கும் தனிநபர் மின்வணிக விதிகளுக்குள் வருவதில்லை என்பதால், சமூக ஊடகத்தில் பார்த்து முன்பணம் அனுப்புபவர் அந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

அச்சிட்டுத் தரும் அழைப்பிதழ்

புது தில்லியின் லக்ஷ்மிபாய் நகர் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்கே இயங்குகிறது. இங்கு வாழும் தமிழ்க் குடும்பத்தில் ஒரு திருமணம் நிச்சயமானால், காகிதத்துக்கும் கல்யாண அட்டைக்கும் பேர்பெற்ற சாவ்ரி பஜார் மெட்ரோ தொலைவிலேயே இருந்தாலும், தமிழ் எழுத்துக்கோப்பு பழகிய கை வேண்டும் என்பதற்காகப் பலர் சிவகாசிக்கோ சென்னைக்கோ இணையவழி ஆர்டர் கொடுக்கின்றனர். அச்சகமும் வீடும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்கும் இந்த ஏற்பாட்டில், நேரில் கடைக்குப் போனால் கையால் தடவிப் பார்த்தும் வாய்விட்டுக் கேட்டும் தீர்த்துக்கொள்ளக்கூடிய ஒவ்வொன்றும் எழுத்தில் தீர்க்கப்பட வேண்டியதாகிறது.

காகிதத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான விற்பனையாளர்கள் சிறு தொகைக்கு மாதிரி அட்டை அனுப்புகிறார்கள்; அத்தொகையை மிச்சப்படுத்த நினைப்பது சரியான சிக்கனம் அன்று. மாதிரியைக் காட்டி விற்கும்போது மொத்தச் சரக்கும் தரத்தில் அந்த மாதிரியை ஒத்திருக்க வேண்டும் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும், மாதிரியோடு விவரிப்பும் சேர்ந்திருந்தால் இரண்டையும் ஒத்திருக்க வேண்டும் என்று 15ஆம் பிரிவும் கூறுவதால், வந்துசேரும் கட்டில் காகிதம் மெலிந்திருந்தாலோ பொன்னிற அச்சு மங்கியிருந்தாலோ, கையிலிருக்கும் அந்த ஒற்றை அட்டையே சான்றாகிவிடும். நிறத்தில் சிறு வேறுபாடு இருக்கலாம் என்னும் நிபந்தனை எல்லாத் தளங்களிலும் காணப்படுவது. திரை மூன்று நிற ஒளியாலும் அச்சு நான்கு நிற மையாலும் உருவம் தருவதால் அது நியாயமானதே. ஆனால் அரக்குச் சிவப்பு கேட்டவருக்கு ஆரஞ்சு வருவதை அந்த வரி மூடிமறைக்காது. அழைப்பிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவும் வழக்கமுள்ள குடும்பம், வழவழப்பான மேற்பூச்சு இட்ட அட்டையில் மஞ்சள் பிடிக்காமல் வழியும் என்பதையும் மாதிரியில் தடவிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அத்தகைய குறையை எந்த நிபந்தனையும் விற்பனையாளரின் பிழையாக ஏற்காது.

அடுத்தது மெய்ப்பு. அச்சுக்குப் போகுமுன் வாங்குபவர் பார்த்து ஒப்ப வேண்டிய முன்படியை அச்சகத்தார் புரூஃப் என்றும் நூல்பதிப்பாளர் மெய்ப்பு என்றும் சொல்வர். மெய்ப்பு ஒப்புதலுக்குப் பின் கண்டறியப்படும் பிழைக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்பதே அழைப்பிதழ் விற்பனை நிபந்தனைகளில் மிகக் கனமான வரி. அதன் பாதி நியாயமானது. வாங்குபவர் பார்த்து ஒப்பிய பெயர்ப்பிழையை அச்சகத்தின் தலையில் சுமத்த முடியாது. மறுபாதியைத்தான் கவனிக்க வேண்டும்: ஒப்பிய மெய்ப்பில் சரியாக இருந்தது அச்சில் மாறி வந்தால், அது ஒப்பந்தப்படி வராத சரக்கு, அங்கே இந்த வரி விற்பனையாளருக்கு உதவாது. தமிழில் இந்த மாற்றம் எளிதில் நேர்கிறது. பழைய எழுத்துருவில் அமைத்ததை ஒருங்குறிக்கு மாற்றும்போதும், கோப்பை வேறொரு மென்பொருளில் திறக்கும்போதும், கொம்பும் காலும் தம் எழுத்தைவிட்டு விலகி நிற்பதும், ஸ்ரீ, க்ஷ போன்ற கூட்டெழுத்துகள் சிதறுவதும் வழக்கம். மணமகள் வீட்டு முகவரியில் லக்ஷ்மிபாய் நகர் என்று வந்தாலே இந்தச் சிக்கல் காத்திருக்கிறது எனலாம். எனவே மெய்ப்பைத் திருத்தத்தக்க கோப்பாக அன்றிப் படமாகவோ பிடிஎஃப் வடிவிலோ கேட்டுப் பெறுவதும், தேதி, கிழமை, திதி, முகூர்த்த நேரம் ஆகிய நான்கையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், தலைப்பெழுத்துகளை மூத்தோர் ஒருவரிடம் படிக்கத் தருவதும், அதன் பின்னரே மின்னஞ்சலில் ஒப்புதல் எழுதுவதும் முறையாகும். தொலைபேசியில் சொன்ன ஒப்புதல் பின்னர் யாருக்கும் பயன்படாது.

காலமே அழைப்பிதழின் உயிர். மாசி முகூர்த்தத்துக்கான அட்டை பங்குனியில் வந்தால் அது வெறும் காகிதம். ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, காலம் ஒப்பந்தத்தின் சாரமாக இருக்குமானால், குறித்த காலத்தில் நிறைவேற்றாதவரோடு செய்த ஒப்பந்தத்தை மற்றவர் தம் விருப்பப்படி முறித்துக்கொள்ளலாம் என்கிறது. காலம் சாரமா இல்லையா என்பதை இருதரப்பின் எண்ணமே தீர்மானிப்பதால், உத்தேச ஒப்படைப்பு 10 முதல் 15 நாள் என்று மட்டும் காட்டும் தளத்தில், ஆர்டரோடு சேர்த்து முகூர்த்தத் தேதியையும் அட்டை கைக்கு வரவேண்டிய கடைசித் தேதியையும் எழுதி அனுப்பி, அதற்கு விற்பனையாளரின் பதிலைப் பெற்றுவைப்பது பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். இழப்பீட்டுக்கும் இதே எழுத்துதான் அடிப்படை. ஒப்பந்தம் மீறப்பட்டால் இயல்பாக விளையும் இழப்பையும், மீறினால் இன்னது நேரும் என்று ஒப்பந்தம் செய்யும்போதே இருதரப்பும் அறிந்திருந்த இழப்பையும் மட்டுமே 73ஆம் பிரிவு ஈடுசெய்கிறது. கடைசி நேரத்தில் உள்ளூரில் இருமடங்கு விலைக்கு அச்சிட நேர்ந்த செலவைக் கேட்பதற்கு, திருமண நாள் விற்பனையாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டியிருக்கும்.

கூரியரிடம் ஒப்படைத்ததோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்னும் வரிக்கும் ஒரு வேர் உண்டு. சரக்கைக் கொண்டுசெல்பவரிடம் சேர்ப்பதே, மாறாக ஏதும் ஏற்பாடில்லாதவரை, வாங்குபவரிடம் சேர்த்ததாகக் கருதப்படும் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு கூறுகிறது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், வணிகருக்கும் வணிகருக்கும் இடையே சரக்கு ரயிலில் ஓடிய காலத்துக்கு ஏற்ற விதி அது. மின்வணிக விதிகளோ, குறையுள்ளதாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி அல்லாததாகவோ, அறிவித்த காலத்துக்குப் பிந்தியதாகவோ வரும் சரக்கைத் திரும்ப ஏற்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று கட்டளையிடுகின்றன. வெள்ளம், புயல் போன்ற மனித ஆற்றலுக்கு மீறிய காரணத்தால் நேர்ந்த தாமதத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. விற்பனையாளர் பழைய விதியைச் சுட்டினால் வாங்குபவர் புதிய விதியைச் சுட்ட வேண்டும்.

இரத்து பற்றிய நிபந்தனையில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. விற்பனையாளர் தாமாகவே ஆர்டரை இரத்து செய்யும்போது தாமும் அதே அளவு கட்டணத்தை ஏற்பதாக இருந்தாலன்றி, வாங்குபவரிடம் இரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது மின்வணிக விதி. அச்சு தொடங்குமுன் இரத்து செய்தவரின் முன்பணம் முழுவதையும் பறிமுதல் செய்யும் வரியோ, இழப்புக்குப் பொருந்தாத தண்டம் என்னும் வகையில், நுகர்வோர் சட்டத்தின் 2(46) பிரிவு நியாயமற்ற ஒப்பந்தம் என்று குறிப்பதற்குள் வரக்கூடும். அச்சு முடிந்தபின் மனம் மாறினால் நிலை வேறு. வேறு யாருக்கும் விற்க முடியாத பெயர் பொறித்த அட்டைக்கு அச்சகம் பணம் கேட்பது நியாயமே.

கடைச் சரக்கான அட்டை

பெயர் பொறிக்காத வாழ்த்து அட்டைக் கட்டு, சீட்டுக் கட்டு, சிறுவர் சேகரிக்கும் விளையாட்டு வீரர் அட்டை போன்றவற்றில் சிக்கல் குறைவு. ஆனால் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் தொலைவழி வாங்கிய பெரும்பாலான சரக்கை 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம்; பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித் தரும் அத்தகைய பொது உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை. இலண்டனில் உள்ள உறவினர் செய்ததைத் தில்லியில் செய்ய முயல்பவர், தளத்தின் சொந்தத் திருப்பல் கொள்கையை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். குறையுள்ள சரக்கு அப்படியல்ல. பில்லில் காலம் குறித்திருந்தால் அக்காலத்துக்குள்ளும், குறிக்காவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் அதைத் திரும்ப ஏற்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று 2(47) பிரிவு வரையறுக்கிறது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பது இதை மாற்றாது.

பணம் ஏற்றிய பரிசு அட்டை

பரிசு அட்டை வாங்குபவர் நிபந்தனைகளில் முதலில் தேட வேண்டியது, அதை வெளியிட்டது யார் என்பது. வெளியிட்ட கடையிலோ அதன் கிளைகளிலோ மட்டும் செல்லுபடியாகும் அட்டையை ரிசர்வ் வங்கி மூடிய முறை அட்டை என்று வகைப்படுத்தி, அதற்குத் தன் அனுமதி தேவையில்லை என்றும் அது தன் கண்காணிப்புக்குள் வராது என்றும் கூறிவிட்டது. வங்கியோ, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நிறுவனமோ வெளியிட்டுப் பல கடைகளில் செல்லுபடியாகும் அட்டை, முன்பணக் கருவி என்னும் வகையைச் சேர்ந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாங்குபவருக்குள்ள பாதுகாப்பில் வெகுதூரம் விலகி நிற்கும்.

இரண்டாம் வகைக்கு 2021 ஆகஸ்ட் 27 தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் தெளிவான எல்லைகளை வகுக்கிறது. பரிசு அட்டையின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தீர்ந்தபின் மீண்டும் பணம் ஏற்ற முடியாது. அதிலிருந்து ரொக்கம் எடுக்கவோ வேறு கணக்குக்குப் பணம் மாற்றவோ இயலாது. முன்பணக் கருவிகள் குறைந்தது ஓராண்டு செல்லுபடியாக வேண்டும். காலம் முடியுமுன் வைத்திருப்பவரை எச்சரிக்க வேண்டும். காலம் கடந்த பரிசு அட்டையையும் வைத்திருப்பவர் கேட்டால் புதுப்பித்துத் தர வேண்டும். ஆறு மாதத்தில் காலாவதி, மீதித் தொகை நிறுவனத்துக்கே என்று எழுதப்பட்ட நிபந்தனை இவ்வகை அட்டையில் செல்லாது. மூடிய முறை அட்டையிலோ அதே வரி ரிசர்வ் வங்கியின் கைக்கு எட்டாது. நுகர்வோர் சட்டத்தின்கீழ் நியாயமற்ற நிபந்தனை என்று வாதிடுவதே எஞ்சும் வழி. ஆகவே கடைக்கு மட்டும் உரிய அட்டையை வாங்குபவர், காலாவதித் தேதி அட்டை மீதே அச்சிடப்பட்டுள்ளதா, மீதித் தொகையை அடுத்த கொள்முதலுக்குப் பயன்படுத்தலாமா, இணையக் கடையிலும் தெருக் கடையிலும் ஒருங்கே செல்லுமா என்பவற்றைப் பணம் கட்டுமுன்னரே பார்த்துவிட வேண்டும். பெறுபவர் தமிழ்நாட்டில் சிற்றூரில் இருந்தால், அந்தக் கடையின் கிளை அவருக்கு எட்டும் தொலைவில் உள்ளதா என்பதும் ஒரு நிபந்தனையாகவே கருதத் தக்கது.

வரி பற்றியும் தெளிவு உண்டு. பரிசுச் சீட்டை வெளியிடும்போதே சரக்கு சேவை வரி விதிக்கலாமா என்ற கேள்வியில், கல்யாண் ஜுவல்லர்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், சீட்டை வெளியிடுவது வரிக்குரிய வழங்கல் ஆகாது, அதைக் கொடுத்துப் பொருள் வாங்கும்போதே அப்பொருளுக்கு வரி எழும் என்று தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 31 அன்று மத்திய மறைமுக வரி வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கையும் சீட்டு விற்பனை சரக்கும் அன்று, சேவையும் அன்று என்று உறுதிப்படுத்தியது. 5,000 ரூபாய் அட்டைக்கு அத்தொகையின்மீதே வரி சேர்த்து பில் வந்தால் வாங்குபவர் காரணம் கேட்கலாம். உறைக்கும் அனுப்புகைக்கும் தனியே வாங்கும் கட்டணத்தின்மீதான வரி வேறு செய்தி.

அட்டை தபாலில் வரும்போது, இரகசிய எண்ணை மூடியிருக்கும் சுரண்டுபட்டை பழுதுபட்டிருக்கிறதா என்று உறையைப் பிரிக்கும்போதே பார்ப்பது அவசியம். பழுதிருந்தால் எண்ணைப் பயன்படுத்தாமல் அன்றே எழுத்தில் அறிவிக்க வேண்டும். உறை பிரிப்பதைக் காணொளியாக எடுத்தால்தான் புகாரை ஏற்போம் என்று சில தளங்கள் நிபந்தனை விதிக்கின்றன. நுகர்வோர் சட்டம் அப்படி ஏதும் கேட்கவில்லை. என்றாலும் ஒரு நிமிடக் காணொளி பின்னால் பல கடிதங்களை மிச்சப்படுத்தும் என்பதால் எடுத்துவைப்பதே அறிவுடைமை.

  

பணம் செலுத்தும் பக்கம்

நிபந்தனைப் பக்கத்தில் இல்லாதது சில வேளைகளில் பணம் செலுத்தும் பக்கத்தில் ஒளிந்திருக்கும். முன்னதாகவே டிக் அடித்த பெட்டியின் வழியே வாங்குபவரின் சம்மதத்தைப் பெறுவதை மின்வணிக விதிகள் தடுக்கின்றன. கேட்காத உறையையும் நாடாவையும் கூடையில் சேர்ப்பது, விலையைத் துளித்துளியாக உயர்த்திக் கடைசித் திரையில் முழுத்தொகை காட்டுவது, இன்னும் இரண்டு கட்டுகளே மீதம் என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஆகியவை 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வழிகாட்டுதல் தடை செய்த 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளுள் அடங்கும். கணக்கில் பணம் கழிந்து விற்பனையாளருக்கு உறுதிச்செய்தி போய்ச்சேரவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி ஐந்து நாள்களுக்குள் பணம் தானே திரும்ப வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு உண்டு.

முறையீடு

தளத்தின் குறைதீர் அலுவலர் யார் என்பதை வெளியிடுவது கட்டாயம்; அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அங்கே பயனில்லை என்றால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் அடுத்த படி. ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் உள்ள நிறுவனம் வெளியிட்ட அட்டை என்றால், 30 நாள் காத்திருந்தபின் அவ்வங்கியின் குறைதீர்ப்பாளரையும் அணுகலாம்.

அதற்கும் அப்பால் நுகர்வோர் ஆணையம். பில்லின் அடியில் சிவகாசி நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு பலர் இந்தக் கட்டத்தில் கைவிட்டுவிடுகிறார்கள், அது வருந்தத்தக்கது. புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலோ பணிபுரியும் இடத்திலோ வழக்குத் தொடுக்கலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு வழிசெய்துள்ளது. இடமாற்றம் இயல்பான அரசு ஊழியருக்கு இதைவிடப் பயனுள்ள பிரிவு அச்சட்டத்தில் இல்லை எனலாம். தகராறு நடுவரிடமே செல்ல வேண்டும் என்னும் நிபந்தனையும் நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் முடிவு கூறிவிட்டது. லக்ஷ்மிபாய் நகரை அடுத்த ஐஎன்ஏ பகுதியில் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் கட்டடம் நிற்கிறது என்றாலும், அட்டை வாங்கியவரின் புகார் அங்கே தொடங்குவதில்லை. செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரையுள்ள புகார்கள் மாவட்ட ஆணையத்துக்கும், நிபந்தனையையே நியாயமற்றதென அறிவிக்கக் கோருபவை மாநில ஆணையத்துக்கும் உரியவை. 5 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்தில் கட்டணமில்லை. இணையவழியில் தாக்கல் செய்யலாம். காணொளி வழி விசாரணையும் கோரலாம். தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விற்பனையாளர் தம் நிபந்தனைகளை எந்நேரமும் மாற்றக்கூடும் என்பதால், ஆர்டர் கொடுத்த நாளிலேயே அந்தப் பக்கத்தைத் தேதியுடன் பிடிஎஃப் ஆகச் சேமித்து, ஒப்பிய மெய்ப்பு, மாதிரி அட்டை, பில், பணம் கழிந்த செய்தி ஆகியவற்றோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும்.